செத்துப் போச்சு என்று குழி தோண்டினோம்!



'எலிக்கு குளிர் எடுத்த கதையை எல்லாம் எழுத வந்து விட்டாளே...' என்று சிரிக்காதீர்கள். முழுவதும் படித்து விட்டு, அப்புறம் சிரியுங்கள். உங்கள் வீட்டிலோ, அக்கம் பக்கத்திலோ கூண்டில் வளரும் சின்ன ஜீவன் ஏதாவது இருந்தால், இந்தக் கடிதம் அதன் உயிரைக் காப்பாற்றலாம்.

நான் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல் பக்கம். பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி ஊட்டிக்கு வந்து, 14 வருஷமாகிறது. கணவர், காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஆறாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், மாமியார் என, ஐந்து பேர் ஒரு ஓட்டு வீட்டில் இருக்கிறோம்.

கோவையில் இருக்கும் என் கொழுந்தனார், 2024 ஆகஸ்ட் மாதம், மகளின் பிறந்த நாளுக்கு ஒரு ஹாம்ஸ்டரை கூண்டோடு வாங்கி வந்தார். பார்த்திராதவர்களுக்காக சொல்கிறேன்... எலி ஜாதிதான். ஆனால், வால் இருப்பதே தெரியாது. பொன்னிறத்தில், உள்ளங்கை அளவில், புசுபுசுவென்று இருக்கும். கொடுப்பதை எல்லாம் கன்னத்துப் பையில் அடைத்துக் கொண்டு போய், மூலையில் பதுக்கி வைக்கும். பகலெல்லாம் தூங்கி, ராத்திரியானால் கூண்டுக்குள் இருக்கும் சக்கரத்தில் ஏறி ஓட்டம் பிடிக்கும். மகள் அதற்கு, 'பட்டாணி' என்று பெயர் வைத்தாள்.

'ஊருல இருக்கறவங்க எலியை அடிச்சு விரட்டறாங்க. நீங்க காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்களே...' என்று தலையில் அடித்துக் கொண்டார், என் மாமியார்.

'அண்ணி, இதுக்கு ஒரு வேலையும் இல்லை. கொஞ்சம் தீனி, கொஞ்சம் தண்ணி... அவ்ளோதான்னு கடைக்காரர் சொன்னாரு...' என்றார், கொழுந்தனார். அதை நானும் நம்பினேன்.

பிள்ளைகள் பழகும் விதம் உங்களுக்கு தெரியாததா? முதல் பத்து நாள், 'நான்தான் தீனி வைப்பேன்' என்று இரண்டு பேருக்கும் சண்டை. ஒரு மாதம் போனதும், 'அம்மா... பட்டாணிக்கு நீயே வெச்சிடும்மா, ஹோம் வொர்க் இருக்கு...' என்றனர். கூண்டு கழுவுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் என் தலையில் வந்து விடிந்தது.

எங்கள் ஊர் 7,000 அடிக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி குளிர் ஒன்று, இரண்டு டிகிரிக்கு இறங்கும். தலைகுந்தா மாதிரி பள்ளமான இடங்களில் அதற்கும் கீழே போகும். விடிந்து பார்த்தால், புல் எல்லாம் உப்பைக் கொட்டியது போல வெள்ளையாக கிடக்கும். தேயிலை கருகி விடும் என்று தோட்டக்காரர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக் கொண்டிருப்பர். நாங்களோ, ஸ்வெட்டர், குல்லா, இரண்டு கம்பளி என்று சுருண்டு கொள்வோம்.

அந்த டிசம்பர் கடைசியில், புது வருஷத்துக்கு திண்டுக்கல்லில் இருந்து, என் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. எட்டு பேர் படுக்க இடம் வேண்டும். கூண்டில் லேசாக வாடையும் அடித்தது. 'ரெண்டு நாள் தானே...' என்று நினைத்து, ஹாலில் மேஜை மேல் இருந்த கூண்டை, நான்தான் தூக்கிப் போய், பின்கட்டில், சிமென்ட் தரையில், கதவு ஓரமாக வைத்தேன்.

இந்த ஒரு விஷயத்தை பிள்ளைகளிடம் நான் இன்று வரை முழுதாக சொல்லவில்லை. 'இடம் இல்லாம அங்க போயிடுச்சு' என்று மழுப்பி விட்டேன். இங்கேதான் முதன் முதலாக எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் காலை, தீனி வைக்கப் போனேன். முந்தின நாள் வைத்தது அப்படியே இருந்தது. பட்டாணி, மூலையில் சுருண்டு கிடந்தது. தொட்டால் ஜில்லென்று கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. கையில் எடுத்தால், ஈரத் துணி போல துவண்டது. மூச்சு இல்லை. எனக்கு நெஞ்சு பகீரென்றது.

பிள்ளைகள் ஓடி வந்து, 'ஓ'வென்று அழுதன. என் கணவர், 'அழாதீங்க... வேற வாங்கிக்கலாம்' என்று சமாதானம் சொன்னார். என் அண்ணன் மகன், ரோஜாச் செடி பக்கத்தில் களைக்கொத்தால் ஒரு குழி தோண்டினான். மகள், தன் கர்ச்சீப்பில் சுற்றி, மார்போடு அணைத்தபடி, படியில் உட்கார்ந்து கொண்டாள். எவ்வளவு சொல்லியும் கொடுக்க மாட்டேன் என்று அடம். 'குளுருதும்மா அதுக்கு... கொஞ்ச நேரம் வெச்சுக்கறேன்' என்றாள். 'சரி, மனசு ஆறட்டும்' என்று விட்டு விட்டோம்.

அரை மணி நேரம் இருக்கும். 'அம்மா... மீசை ஆடுது!' என்று ஒரு கத்து கத்தினாள், மகள். பிரமை என்று நினைத்து குனிந்து பார்த்தேன். நிஜமாகவே மீசை லேசாக துடித்தது. கொஞ்ச நேரம் கழித்து வயிறு ஒரு தரம் ஏறி இறங்கியது. எனக்கு கை, கால் எல்லாம் வெலவெலத்து விட்டது. அவள் கேட்டதும் கொடுத்திருந்தால், உயிரோடு அல்லவா புதைத்திருப்போம்!

என் கணவர், வென்னீர் வைக்க ஓடினார். அண்ணி, 'அடுப்பு பக்கத்துல வைங்க' என்றார். நல்ல வேளையாக, பக்கத்து வீட்டு அக்கா, மாடு வளர்ப்பவர். கால்நடை டாக்டரின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. உடனே போன் போட்டோம்.

'வென்னீர், அடுப்பு எதுவும் வேண்டாம். சட்டுனு சூடு காட்டினா, அது தாங்காது. இப்ப வெச்சிருக்கற மாதிரியே துணியில சுத்தி, உடம்போட வெச்சுக்கங்க. வீட்டுக்குள்ள உக்காருங்க. நல்லா முழிச்ச பிறகு, ரெண்டு சொட்டு தண்ணி காட்டுங்க. அதுவா குடிச்சா குடிக்கட்டும், வாயில ஊத்தாதீங்க. அப்புறம், இங்க கொண்டு வாங்க...' என்றார், டாக்டர்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, தள்ளாடியபடி எழுந்து நின்றது, பட்டாணி. ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கிச் சொன்னதை, உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த ஜீவனுக்கு, வீட்டுக்குள் 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் சுகம். ரொம்ப குளிர்ந்து, 5 டிகிரி பக்கம் இறங்கினால், தீனியும் சரியாக இல்லாவிட்டால், உடம்பு தன்னைத்தானே அணைத்துக் கொள்கிற மாதிரி, ஒரு ஆழ்ந்த தூக்கத்துக்கு போய் விடுமாம். உடம்பு சில்லிட்டு விடும். மூச்சு, எப்போதோ ஒரு தடவைதான் வரும். நாம் பார்க்கும் நேரத்தில் வராவிட்டால், செத்துப் போச்சு என்று நினைத்து விடுவோம். 'இந்த மாதிரி நிறைய பேர் ஏமாந்திருக்காங்க. விறைச்சுப் போகாம துவண்டு கிடந்தா, சூடு காட்டிப் பார்க்காம ஒரு முடிவுக்கும் வரக்கூடாது' என்றார், டாக்டர்.

'தூக்கம் தானே, தூங்கட்டும்' என்று விடவும் கூடாதாம். அந்த தூக்கத்திலேயே உயிர் போய் விடுவதும் உண்டு. வேறு நோயிலும் இப்படி கிடக்கலாம் என்பதால், விழித்துக் கொண்டாலும், டாக்டரிடம் ஒரு தடவை காட்டி விட வேண்டும்.

'காட்டுல குளிர் இல்லையா டாக்டர்... அங்க எப்படி உயிரோட இருக்கு?' என்று கேட்டாள், மகள். அதற்கு அவர் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. இந்த வகை ஹாம்ஸ்டரின் சொந்த ஊர், சிரியா நாட்டில் அலெப்போ பக்கமாம். 1930-ல், அங்கே ஒரு வயலில் வளையைத் தோண்டி பிடித்து வந்த ஒரு தாயும், குட்டிகளும்தான், இன்று வீடுகளில் வளரும் இந்த வகைக்கு முன்னோர். வயல்காட்டில் அது, இரண்டடி ஆழத்துக்கு வளை தோண்டி, தானியத்தை சேர்த்து வைத்து, உள்ளே கதகதப்பாக படுத்துக் கொள்ளும். மேலே எவ்வளவு குளிர்ந்தாலும், பூமிக்கு அடியில் அவ்வளவாக இறங்காது.

நாங்கள் என்ன செய்திருந்தோம்? ஒரு விரல் கனத்துக்கு மரச் சுருளைத் தூவி, நாலு பக்கமும் கம்பி போட்ட கூண்டில், சிமென்ட் தரையில் வைத்திருந்தோம். தோண்டிப் பதுங்க மண்ணும் இல்லை; ஓடிப் போக வழியும் இல்லை. நமக்கு குளிர்ந்தால், 'ஏங்க... அந்தக் கம்பளிய எடுங்க' என்று கேட்கிறோம். அது யாரிடம் கேட்கும்?

அதற்குப் பின், வீட்டில் செய்த மாற்றங்களை எழுதுகிறேன். மலை ஊர் சகோதரிகளுக்கும், மார்கழி பனியில் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும்.

முதலில், கூண்டை தரையில் இருந்து எடுத்து, ஹாலில், உள்சுவர் ஓரமாக, மேஜை மேல் வைத்தோம். ஜன்னல், கதவு இடுக்கில் வரும் காற்று படக் கூடாது. அடுப்படியும் ஆகாது; தாளிக்கிற நெடியும், புகையும் அதற்கு கெடுதல்.

அடுத்து, படுக்கை. மரச் சுருளோடு, வாசனை இல்லாத டிஷ்யூ பேப்பரை நீளமாக கிழித்து, ஒரு முழம் ஆழத்துக்கு நிரப்பினோம். கூண்டின் அடித்தட்டில் அவ்வளவு நிற்காது என்பதால், ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் கம்பி வலை பொருத்தி, அதையே வீடாக மாற்றினார், என் கணவர். பட்டாணி, அன்றைக்கே சுரங்கம் தோண்டி உள்ளே போய் விட்டது.

கதகதப்புக்கு என்று, பஞ்சை மட்டும் வைத்து விடாதீர்கள். நானும் வைக்க இருந்தேன். பஞ்சு நூல், காலில் சுற்றி இறுக்கி விடுமாம். தின்று விட்டால், குடலை அடைத்து விடுமாம். கம்பளித் துணியும் அப்படித்தான். பீரோவில் இருந்து எடுத்த பழைய சால்வையை கூண்டு மேல் போர்த்துபவர்கள், பாச்சா உருண்டை வாசனை போகும்படி துவைத்து, வெயிலில் காய வைத்து போர்த்துங்கள். அந்த உருண்டை, அதற்கு விஷம். போர்த்தும் போதும், ஒரு பக்கம் காற்று போக திறந்து விட வேண்டும்.

ரொம்ப குளிரும் ராத்திரிகளில், வென்னீர் பையை, துண்டில் நன்றாகச் சுற்றி, டப்பாவுக்கு வெளியே, ஒரு பக்கமாக மட்டும் சாய்த்து வைக்கிறேன். சூடு அதிகமானால், அது மறு பக்கம் போய் விடும். உள்ளே வைத்தால், கடித்து ஓட்டை போட்டு விடும். குண்டு பல்பை பக்கத்தில் தொங்க விடுவதும் வேண்டாம். உடம்பு சுட்டு விடும்; ஒயரையும் கடிக்கும்.

குளிர் காலத்தில், தீனியை ஒரு பிடி கூடுதலாக வைக்கிறேன். அது பதுக்கி வைத்ததை, கூண்டு கழுவும் சாக்கில் மொத்தமாக வாரிக் கொட்டுவதில்லை. தண்ணீர் பாட்டிலின் குழாய் நுனியை, காலையில் விரலால் தொட்டுப் பார்க்கிறேன். உறைந்து, அடைத்துக் கொண்டால், பாட்டில் நிறைய தண்ணீர் இருந்தும், அது தாகத்தில் கிடக்கும்.

'தனியா இருக்கறதாலதான் குளுருது... இன்னொண்ணு வாங்கி விட்டா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டு படுத்துக்கும்ல...' என்று பலரும் யோசனை சொன்னார்கள். இந்த பொன்னிற வகையை, ஜோடியாக விடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாக சொல்லி விட்டார். வளர்ந்த பின், ஒன்றை ஒன்று கடித்தே கொன்று விடுமாம்.

இதை எல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. பட்டாணி பிழைத்து வந்த மூன்றாம் நாள் ராத்திரி, பனி கொட்டியது. பிள்ளைகள் பயந்து போய், கூண்டை தங்கள் அறையிலேயே வைத்துக் கொண்டனர். அவர்கள் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், வாசலில் எரிந்து கொண்டிருந்த கரி அடுப்பைத் தூக்கி வந்து, அறைக்குள் வைத்து, கதவைச் சாத்தப் போனார், என் கணவர். அந்த சமயத்தில்தான், என் மாமியார் எழுந்து வந்தார்.

'ஏன்டா... புத்தி கெட்டுப் போச்சா? கதவ சாத்திட்டு கரி வெச்சா, விடிஞ்சா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டீங்க. தூக்குடா வெளிய!' என்று அவர் போட்ட சத்தத்தில், தெருவே விழித்திருக்கும்.

கரி அடுப்பை அறைக்குள் வைத்து தூங்கி, மூச்சு முட்டி இறந்தவர்களைப் பற்றி, பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள். கரி எரியும் போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு, வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவருக்கு தெரியவே தெரியாது. ஒரு ஜீவனைக் காப்பாற்ற நினைத்து, எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் பறி கொடுக்க இருந்தோம். எலியோ, குழந்தையோ... மூடிய அறையில் கரி அடுப்பு கூடவே கூடாது தாய்மார்களே!

இப்போது, என் மனதில் இருப்பதை சொல்கிறேன்.

விற்கிறவர், 'ஒரு வேலையும் இல்லை' என்று சொல்லி விற்கிறார். அது ஊட்டிக்குப் போகிறதா, கோவையிலேயே இருக்கப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மத்திய அரசு, 2018-ல், செல்லப் பிராணிக் கடைகளுக்கு என்றே விதிமுறைகள் கொண்டு வந்திருக்கிறது. நாய், பூனை, முயலோடு, ஹாம்ஸ்டரின் பெயரும் அதில் உண்டு. கடைக்காரர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே, வாங்கும் போது, 'பதிவு இருக்கா... குளிர் தாங்குமா... என்ன படுக்கை போடணும்... எத்தனை வருஷம் இருக்கும்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில், 'குளிரில் இப்படி ஆகும்' என்று நாலு வரி அச்சடித்துக் கொடுத்தால், கடைக்காரர்களுக்கு என்ன குறைந்து விடும்?

சித்தப்பா, மாமா, அத்தைமாருக்கும் ஒரு வேண்டுகோள்... உயிருள்ளதை பரிசாக கொடுக்க நினைத்தால், அந்த வீட்டு அம்மாவிடம் முதலில் கேளுங்கள். பரிசு குழந்தைக்கு என்றாலும், நடுராத்திரி எழுந்து, வென்னீர் பை மாற்றுவது அவள்தான். அவள் 'முடியாது' என்றால், அதற்கு காரணம் இருக்கும். ஒரு பொம்மையோ, கதைப் புத்தகமோ வாங்கிக் கொடுத்து விட்டுப் போங்கள்.

'மனுஷனுக்கே போர்த்திக்க இல்லாத ஊர்ல, எலிக்கு இவ்ளோ உபசாரமா?' என்று கேட்டார், எங்கள் உறவினர் ஒருவர். நியாயமான கேள்விதான். ரோட்டோரம் படுத்திருப்பவருக்கு கம்பளி கொடுப்பதை, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், இதை கூண்டில் அடைத்தது நாம். அதன் வளையையும், தானியத்தையும் எடுத்துக் கொண்டது நாம். அடைத்து வைத்தவர்கள், அதற்கு குளிராமல் பார்த்துக் கொள்வதை, உபசாரம் என்று சொல்ல முடியுமா?

பட்டாணிக்கு ஆயுளே, இரண்டு, மூன்று வருஷம்தானாம். இருக்கும் வரை கதகதப்பாக இருக்கட்டும். இப்போதெல்லாம், ராத்திரி படுக்கப் போகும் முன், 'எலிக்கு துணி போர்த்துனியாடி?' என்று கேட்பது, என் மாமியார்தான். அவர் அதற்கு இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதனால் என்ன?

இந்தக் கடிதம் பிரசுரமானால், அதைக் கத்தரித்து, மகளிடம் கொடுத்து படிக்கச் சொல்வேன். கூண்டை பின்கட்டில் வைத்தது யார் என்பது, அவளுக்கு தெரியட்டும். கோபித்துக் கொள்வாள், கோபித்துக் கொள்ளட்டும். அன்று, 'கொடுக்க மாட்டேன்' என்று அவள் பிடித்த அடம்தான் சரி என்பதையும், அவள் தெரிந்து கொள்ள வேண்டும் அல்லவா?

— ஒரு வாசகி, ஊட்டி.